நிலையத்தில் காணாமல்போன கட்டி

அடையாற்றில் இருக்கும் ஞானதீப நிலையத்தை ஆஸ்பத்திரி என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் வாசல் காவலாளியே திருத்துவான். "ஆஸ்பத்திரி சைதாப்பேட்டைல கீது. இது நிலையம்" என்பான். உள்ளே ஊசி போடுகிறார்கள், அறுக்கிறார்கள், தைக்கிறார்கள், சில பேர் பின்வாசல் வழியாகப் போயும் சேருகிறார்கள். ஆனாலும் அது நிலையம்.

இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடித்தவர் இயக்குநர் டாக்டர் கஸ்தூரிரங்கன். மயிலாப்பூரில் பிறந்தவர். வெகுகாலம் சீமையில் இருந்துவிட்டுத் திரும்பியவர். வரும்போது பெட்டி பெட்டியாக எதையெல்லாமோ கொண்டுவந்தார் என்றும், ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் அங்கேயே விட்டுவிட்டார் என்றும் பேச்சு. விட்டுவிட்டு வந்தது, நோயாளியைத் தொட்டுப் பார்க்கும் பழக்கம்.

"கை என்பது அபிப்பிராயம். படம் என்பது உண்மை." பொறுப்பேற்ற அன்று அவர் பேசிய பேச்சில் இந்த இரண்டு வாக்கியங்கள்தான் மிஞ்சின. அவற்றைப் பளிங்கில் வெட்டி வரவேற்பறையில் பதித்தார்கள்.

தொண்ணூற்றேழாம் வருஷம் எம்.ஆர்.ஐ. இயந்திரம் வந்து இறங்கியது. சுவரை இடித்துத்தான் உள்ளே கொண்டுபோக வேண்டியிருந்தது. பூஜை போடாமல் இருப்பார்களா? இயந்திரத்தின் நெற்றியில் சந்தனம், குங்குமம், கழுத்தில் ரோஜா மாலை. சாஸ்திரிகள் எவர்சில்வர் தட்டில் கற்பூரத்தை ஏற்றி மூன்று சுற்றுச் சுற்றினார். நாலாவது சுற்றில் தட்டு அவர் கையைவிட்டுப் பறந்துபோய் இயந்திரத்தின் வாய்க்குள் ஒட்டிக்கொண்டது. காந்தம் என்றால் இரும்பை இழுக்கும் என்பது அங்கே கூடியிருந்த அத்தனை படிப்பாளிகளுக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் நிலையத்தின் தலைவர் கண்ணை மூடிக் கைகூப்பி, "நைவேத்தியத்தை ஏத்துண்டுடுத்து" என்றார். எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தட்டைப் பிடுங்கி எடுக்கப் பெங்களூரிலிருந்து ஆள் வரவேண்டியிருந்தது.

இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் பேச்சியம்மாள் வந்து சேர்ந்தாள்.

பேச்சியம்மாள் அசோக் நகர்வாசி. புருஷன் கனகராஜுக்குத் தி.நகரில், ரங்கநாதன் தெருவை ஒட்டிய சந்தில் ரவிக்கைத் துணிக் கடை. கடை அவர் பேரில் இருந்ததே தவிர கல்லாவில் உட்காருவது இவள்தான். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இருபது வருஷம் ஆகியும் பேச்சு மட்டும் தாமிரபரணித் தண்ணீரிலேயே நின்றது. ஒருநாள் குளிக்கும்போது இடது மார்பில் எலுமிச்சங்காய் மாதிரி ஒன்று கையில் தட்டுப்பட்டது. ஊசி வைத்துக் குத்திப் பார்த்ததில் புற்று என்று தெரிந்தது.

அவளுக்குச் சொல்லப்பட்ட வைத்தியத்தில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. முதலில் கீமோ மருந்தை ஏற்றிக் கட்டியைச் சுருக்குவது; நடுவில் எம்.ஆர்.ஐ. எடுத்து, சுருங்குகிறதா என்று பார்ப்பது. சுருங்கினால் கட்டியை மட்டும் வெட்டி எடுத்து மார்பைக் காப்பாற்றுவது. சுருங்காவிட்டால் காலம் கடத்தாமல் அறுத்துவிடுவது. உலகம் முழுக்க நல்ல மனிதர்கள் செய்கிற காரியம். அதை ஞானதீப நிலையம் செய்தது என்பதுதான் இந்தக் கதை.

மருந்து ஏற்றுவதற்கு முன்னால் முதல் படம் எடுத்தார்கள். அப்போது எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. சைதாப்பேட்டை குல்ஷன் என்று ஓர் ஆயா. உள்ளே போகிற பெண்களின் தாலி, வளையல், மெட்டி எல்லாவற்றையும் கழற்றி வாங்கி மடியில் கட்டிக்கொண்டு நிற்பதுதான் அவளுடைய வேலை. பேச்சியம்மாள் மஞ்சள் கயிறு ஒன்றைக் கட்டிக்கொண்டு தாலியைக் கழற்றிக் கொடுத்தாள். குப்புறப் படுத்தாள். படத்தில் கட்டி எலுமிச்சங்காய் அளவில் வெள்ளையாகத் தெரிந்தது. அவள் விரல் முன்னமே சொன்ன அளவுதான்.

இதற்கிடையில் நிலையத்தின் மாதர் குழு பொங்கி எழுந்தது. குழுவின் காரியதரிசி கோமளம் மாமி. பேச்சியம்மாள் இருக்கும் அடுக்ககத்திலேயே மாடியில் குடியிருப்பவள். பூர்வீகம் மயிலாப்பூர் தெற்கு மாட வீதி.

"சுமங்கலிகள்ட்டேர்ந்து தாலியைக் கழட்டி வாங்கிண்டு ஒரு இருட்டுக் குழாய்க்குள்ளே அனுப்பறா. இது வைத்தியமா, இல்லே வேற ஏதாவது காரியமா?" என்று மாமி தலைவரிடமே போய்க் கேட்டாள். அவர் தம்முடைய நகைக்கடைக்காரரைக் கூப்பிட்டு விசாரித்தார். பொன்னைக் காந்தம் இழுக்காது என்று நகைக்கடைக்காரர் உறுதி கூறினார். மறுநாளே உத்தரவு வந்துவிட்டது: நிலையத்தில் எந்தச் சுமங்கலியும் இனிமேல் தாலியைக் கழற்ற வேண்டாம், எந்த ஊழியரும் அதைத் தொடவும் கூடாது.

பொன்னைக் காந்தம் இழுக்காது என்பது வாஸ்தவம். ஆனால் நம் பெண்களின் தாலிக்கொடியில் பொன் மட்டுமா தொங்குகிறது? முந்தானைக்கு ஓர் ஊக்கு, கொக்கி போன ரவிக்கைக்கு ஓர் ஊக்கு, கல்யாண வீட்டில் யாராவது அவசரத்துக்குக் கேட்டால் கொடுக்க ஓர் ஊக்கு, பஸ்ஸில் பின்னாலிருந்து உரசுகிறவனுக்கென்று தனியாக ஓர் ஊக்கு. ஊக்கில்லாத தாலிக்கொடியை அசோக் நகரிலிருந்து அடையாறு வரை தேடினாலும் பார்க்க முடியாது. இதைப் பற்றி நகைக்கடைக்காரரிடம் யாரும் கேட்கவில்லை.

மூன்று முறை மருந்து ஏற்றினார்கள். பேச்சியம்மாளுக்கு முடி கொட்டியது, நகம் கறுத்தது, வாய் வெந்தது. கட்டி மட்டும் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் இறுகியிருக்கிற மாதிரிகூட அவளுக்குப் பட்டது. சரி, படத்தில் தெரிந்துவிடும், சீக்கிரம் அறுத்துவிடுவார்கள் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு இரண்டாம் படத்துக்குப் போனாள்.

குல்ஷன் சுவரோரமாகச் சும்மா நின்றுகொண்டிருந்தாள்.

"இன்னாத்த சொல்றது போ. முன்னல்லாம் தாலிய வாங்கி வெச்சிக்கினு நிப்பேன், போம்போது நாலு பேரு மனசார குடுத்துட்டுப் போவாங்கோ. இப்போ தொட்டா வேல பூடுமாம். அப்டியே போய்ப் படு, கண்ணு."

அப்படியே போய்ப் படுத்தாள். மேடை உள்ளே நகர்ந்ததும், அத்தனை நாள் சாதுவாகத் தொங்கிய தாலிக்கொடி தலை தூக்கியது. ஊக்குகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்து, கொடியை இழுத்துக்கொண்டு இடது பக்கமாகப் போய், மார்புக்கும் மேடைக்கும் நடுவே குத்திட்டு நின்றன.

"ஐயா, தாலிய யாரோ புடிச்சு இழுக்காக" என்றாள்.

"பேசாதீங்கம்மா. பேசினா படம் கலங்கிடும்" என்றது ஒலிபெருக்கி.

படம் வந்தது. கட்டி இருந்த இடத்தில் கட்டி இல்லை. கரேலென்று ஒரு பொத்தல் இருந்தது.

படம் பார்த்துச் சொல்கிற டாக்டர் ஸ்ரீநாத் இளைஞர். படித்ததை இன்னும் மறக்காத வயது. அவர் படத்தை எடுத்துக்கொண்டு இயக்குநர் அறைக்குப் போனார்.

"சார், இது உலோகத்தோட நிழல் மாதிரி இருக்கு. இரும்பு பக்கத்துலே இருந்தா அந்த இடம் இப்படித்தான் கறுத்துப் போகும். கட்டி பின்னாலே இருக்கலாம்."

கஸ்தூரிரங்கன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இரும்பா? அந்தம்மா மேலே என்ன இருந்தது?"

"தாலி மட்டுந்தான் சார். அதுலே ஊக்கு..."

"தாலியை அனுமதிச்சது யாரு?"

"தலைவர்."

"தாலியிலே இரும்பு இருக்குன்னா, தலைவர் இரும்பை உள்ளே அனுமதிச்சார்னு ஆறது. தலைவர் இரும்பை அனுமதிப்பாரோ?"

"மாட்டார் சார்."

"அப்போ இரும்பு இல்லே. இரும்பு இல்லேன்னா நிழல் இல்லே. நிழல் இல்லேன்னா அது என்ன?"

ஸ்ரீநாத் படத்தை உறைக்குள் போட்டார். அவருக்கும் வாடகை வீடு, கைக்குழந்தை. "கட்டி முழுசாக் கரைஞ்சிருக்கு சார்" என்றார்.

"பேஷ். படிக்கத் தெரிஞ்சுண்டுட்டே."

கட்டி கரைந்த செய்தியைப் பேச்சியம்மாளுக்குச் சொல்ல ஒரு சின்ன விழாவே வைத்தார்கள். மாதர் குழு இனிப்புக் கொடுத்தது. அவள் இனிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, "அப்படியேதான் இருக்கு டாக்டரய்யா. கைல தட்டுப்படுதே" என்றாள்.

"அது ஞாபகம்மா. ரொம்ப நாள் இருந்ததில்லையா? விரலுக்குப் பழகிப் போயிருக்கும்" என்றார் கஸ்தூரிரங்கன்.

அறுவை டாக்டர் ஜெயராமிடம் போனாள். கெட்டிக்காரர் என்று பேர்வாங்கியவர். ஒரு காலத்தில் தொட்டுப் பார்த்தே பாதி வியாதியைச் சொல்லிவிடுவாராம். அது பளிங்கு பதிப்பதற்கு முன்னால்.

"ஆப்பரேஷன் தேதி எப்பம்யா?"

"எதுக்கும்மா ஆப்பரேஷன்? இல்லாததை எப்படி அறுக்கறது?"

"இருக்கு ஐயா. இங்கன ஒரு தடவ தொட்டுப் பாருங்க."

ஜெயராம் இரண்டு கைகளையும் மேஜைக்கு அடியில் இறக்கிக்கொண்டார். "வேண்டாம்மா. தொட்டா எனக்கு ஒரு அபிப்பிராயம் வந்துடும். அப்பறம் அதை வெச்சுண்டு இந்த நிலையத்துலே நான் எப்படிக் காலம் தள்றது?"

நந்தனத்தில் வேறொரு டாக்டரிடம் போனாள். அவர் தொட்டுப் பார்த்தார், முகம் மாறியது. பிறகு படத்தின் ஓரத்தில் இருந்த கையெழுத்தைப் பார்த்தார். முகம் இன்னும் அதிகமாக மாறியது. "கஸ்தூரிரங்கன் சாரா? என்னோட வாத்தியாராச்சே. அவர் கரைஞ்சுடுத்துன்னா கரைஞ்சுடுத்து" என்று சொல்லிவிட்டுப் போய்க் கையைக் கழுவிக்கொண்டார்.

அந்த வருஷம் நிலையம் நாள்காட்டி அடித்தது. ஜனவரியில் கட்டியோடு ஒரு படம், டிசம்பரில் கட்டியில்லாமல் ஒரு படம். பேர் போடவில்லை, மானஸ்தர்கள். கனகராஜ் அதை வாங்கிக்கொண்டு போய்க் கடையில் திருச்செந்தூர் முருகனுக்குப் பக்கத்தில் மாட்டினார். ரவிக்கைத் துணி எடுக்க வந்தவர்கள், "இதென்ன அண்ணாச்சி, கிரகணமா?" என்று கேட்டார்கள். "நம்ம வீட்டம்மாதான்" என்று பெருமையாகச் சொன்னார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று புரிந்து, துணியை இரண்டு முழம் கூடுதலாகக் கிழித்துவிட்டார்.

அன்று சாயங்காலம் பேச்சியம்மாள் அந்த நாள்காட்டியைக் கழற்றிச் சுருட்டிக் குப்பைக்கூடையில் சொருகினாள்.

"ஏட்டி, அவ்ளோ பெரிய டாக்டரு சொல்லுதாரு. நீ என்னத்தக் கண்ட?"

"நான் ஒண்ணையும் காணல. நீங்க தொட்டுப் பாருங்க. புருஷந்தான, அபிப்பிராயம் வந்தா வரட்டும்."

கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டுக் கனகராஜ் தொட்டார். விரல் அங்கே போனதும் நின்றது. கையை எடுத்துக்கொண்டார்.

"கல்லு மாதிரில்லா இருக்கு" என்றார்.

"அக்குள்ளயும் மணி மாதிரி ரெண்டு கட்டி வந்திருக்கு. மருந்தையும் நிறுத்திட்டாக, கத்தியும் வைக்க மாட்டேங்காக. கரைஞ்சு போச்சுன்னு சொல்லிச் சொல்லியே என்னக் கரைச்சுருவாக போல."

மறுநாள் இரண்டு பேருமாகப் போய் இன்னொரு படம் எடுக்கச் சொன்னார்கள். நாலு மாதம் கழித்துத்தான், அதுதான் முறை என்றார்கள். அழுதுகொண்டே தாழ்வாரத்தில் வந்தவளை ஸ்ரீநாத் பார்த்தார். முன்னும் பின்னும் நோட்டம் விட்டுவிட்டு, சுவரிடம் பேசுகிறவர் மாதிரி, "அடுத்த தடவை தாலியிலே இருக்கற ஊக்கையெல்லாம் எடுத்துட்டு வாங்கம்மா. நான் சொன்னதா யார்கிட்டேயும் சொல்லாதீங்கோ" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தார். அதற்கு மேல் அவருக்கு வீரம் இல்லை.

பேச்சியம்மாள் அங்கேயே நின்று தாலிக்கொடியைப் பிடித்துப் பார்த்தாள். குழாய்க்குள் இழுத்தது யார் என்று இப்போது விளங்கியது.

இரண்டு வாரம் போயிருக்கும். கோமளம் மாமி மூச்சு வாங்க மாடியிலிருந்து இறங்கி வந்தாள்.

"பேச்சி, நோக்கு அதிர்ஷ்டம்டீ. நிலையத்துலே பெரிய மாநாடு. பம்பாய், டெல்லிலேர்ந்தெல்லாம் டாக்டர்கள் வரா. அவா எல்லார் முன்னாடியும் உன்னை மறுபடி படம் எடுத்து, டி.வி. பெட்டியிலே அப்பவே காட்டப்போறாளாம். கட்டி எப்படிக் காணாமப் போச்சுன்னு."

"நாலு மாசம் முறை ஆகலையே மாமி."

"மாநாட்டுக்கு முறை கெடயாது. என்ன, நீ மாட்டேன்னு சொல்லிடுவியோன்னு டைரக்டருக்குக் கவலை. நான்தான் அழைச்சுண்டு வரேன்னு சொன்னேன்."

"வாரேன் மாமி" என்றாள் பேச்சியம்மாள். "கண்டிப்பா வாரேன்."

மாநாட்டன்று நிலையத்தின் வாசலில் வாழைமரம். அரங்கில் வரிசையாக டி.வி. பெட்டிகள். தலைவர் விளக்கேற்றினார். கஸ்தூரிரங்கன் பேசினார்.

"நம் முன்னோர்கள் நாடி பிடித்தார்கள். நம் ஆசிரியர்கள் வயிற்றை அமுக்கினார்கள். நாங்கள் நோயாளியை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. இதைப் பணிவோடு சொல்லிக்கொள்கிறேன். நோயாளிக்குத் தன் உடம்பைப் பற்றி ஆயிரம் எண்ணம் இருக்கும். வலிக்கிறது என்பார், இருக்கிறது என்பார். அதையெல்லாம் காதில் போட்டுக்கொண்டால் விஞ்ஞானம் எப்படி வளரும்?" நீண்ட கைதட்டல்.

பேசிவிட்டு அவர் இயந்திர அறைப் பக்கம் வந்தபோது, மாநாட்டு அடையாளமாகக் கோட்டில் குத்தியிருந்த பட்டு ரோஜாப் பட்டை நழுவித் தொங்கியது. டி.வி.யில் வரப்போகிற மனிதர். பட்டையைப் பிடித்துக்கொண்டு, "யார்ட்டயாவது பின் இருக்கா?" என்று தவித்தார்.

பேச்சியம்மாள் மொட்டைத் தலையில் துண்டு கட்டிக்கொண்டு பச்சை அங்கியோடு நின்றிருந்தாள். "எங்கிட்ட இருக்கு ஐயா" என்றாள். தாலிக்கொடியிலிருந்து ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். "ஒண்ணு நிக்காது. நாலையும் குத்திக்கிடுங்க."

"நல்ல பேஷண்ட்" என்று கஸ்தூரிரங்கன் பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னார். கோமளம் மாமி நாலு ஊக்கையும் வாங்கி அவர் மார்பில் வரிசையாகக் குத்திவிட்டாள்.

பேச்சியம்மாள் உள்ளே போய்க் குப்புறப் படுத்தாள். இந்தத் தடவை தாலியை யாரும் இழுக்கவில்லை. இயந்திரம் தட்டியது, இரைந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு, வாழ்நாளில் முதல் தடவையாக, கட்டி நல்ல பெரிசாகத் தெரியவேண்டும் என்று முருகனை வேண்டிக்கொண்டாள்.

முருகன் கைவிடவில்லை. அரங்கிலிருந்த அத்தனை பெட்டிகளிலும் கட்டி வந்தது. எலுமிச்சை அல்ல, நார்த்தங்காய். அக்குள் பக்கம் இரண்டு மணிகளும் கூடவே வந்து உட்கார்ந்தன. பம்பாய்க்காரர்கள் டெல்லிக்காரர்களைப் பார்த்தார்கள். ஸ்ரீநாத் மேஜைக்கடியில் பேனாவைத் தேட ஆரம்பித்தார்.

கஸ்தூரிரங்கன் ஏதோ கோளாறு என்று இயந்திர அறைக்குள் ஓடினார். காமிரா அவரையும் காட்டியது. இயந்திரத்தை நெருங்கினாரோ இல்லையோ, ரோஜாப் பட்டை அவர் மார்பிலிருந்து நிமிர்ந்தது, கோட்டைக் கொஞ்சம் கிழித்துக்கொண்டு பறந்தது, பேச்சியம்மாளின் கால்மாட்டில் குழாயின் விளிம்பில் போய் ஒட்டிக்கொண்டது. நாலு ஊக்கும் பளபளவென்று எல்லாப் பெட்டிகளிலும் தெரிந்தன.

அரங்கில் தலைவர் கைகூப்பினார். "இயக்குநரோட மரியாதையை ஏத்துண்டுடுத்து."

உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று பிற்பாடு தெரிந்தது. ஆனால் அன்று மத்தியானச் சாப்பாடு நிலையத்தின் செலவு. யாரும் வாயைத் திறக்கவில்லை.

கஸ்தூரிரங்கன் அரங்கின் மேடைக்குத் திரும்பும்போது முகம் தெளிந்திருந்தது. கிழிந்த இடத்தைக் கையால் மூடிக்கொண்டு ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"முழுசாகக் கரைந்த கட்டி முழுசாகத் திரும்பி வந்திருக்கிறது. நம் எல்லார் கண்ணெதிரிலும். கரைந்ததைக் கண்டதும் இந்த இயந்திரம். திரும்பி வந்ததைக் கண்டதும் இதே இயந்திரம். வேறெந்த நிலையத்துக்கும் இந்தப் பாக்கியம் கிடைத்ததில்லை."

துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு அரங்கின் வாசற்படியில் வந்து நின்ற பேச்சியம்மாள், "அது எங்கயும் போவல ஐயா. இங்கனயேதான் இருந்துச்சு" என்றாள்.

"பாருங்கள்" என்று கஸ்தூரிரங்கன் அரங்கத்தைப் பார்த்துக் கை காட்டினார். "படம் வந்த உடனே நோயாளியாலும் அதை உணர முடிகிறது."

எழுந்து நின்று கைதட்டினார்கள்.

அந்த மாநாட்டிலிருந்து நிலையத்துக்கு இரண்டு ஆராய்ச்சிக் கட்டுரைகள் கிடைத்தன: ஒன்று கட்டி போனது பற்றி, இன்னொன்று வந்தது பற்றி. ஸ்ரீநாத்துக்குப் பதவி உயர்வு கிடைத்தது. கனகராஜ் குப்பைக்கூடையிலிருந்து எடுத்து வைத்திருந்த நாள்காட்டியை நிலையத்தின் வாசலில் நாலாகக் கிழித்துப் போட்டார்; காவலாளி, "நிலையத்துல குப்பை போடக்கூடாது நைனா" என்றான். பேச்சியம்மாளுக்கு ஆப்பரேஷன் தேதி கிடைத்தது. கட்டியை மட்டும் எடுக்கிற காலம் போய்விட்டது என்றும், மார்பை முழுசாக எடுத்துவிட வேண்டும் என்றும், அக்குளில் இருக்கிற மணிகளையும் வழித்தெடுக்க வேண்டும் என்றும் ஜெயராம் படத்தைப் பார்த்தபடியே சொன்னார். அவள் தலையை ஆட்டினாள்.

ஆப்பரேஷன் நல்லபடியாக நடந்தது. எடுத்ததைத் தட்டில் வைத்து ஜெயராம் இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்தாராம். "கல்லு மாதிரின்னா இருக்கு" என்றாராம். உள்ளே கூட நின்ற நர்ஸ் சொல்லித்தான் வெளியே தெரிந்தது. அந்த நிலையத்தில் அந்தக் கட்டியை ஒரு டாக்டர் கையால் தொட்டது அதுதான் முதல் தடவை. அதற்குள் அது பேச்சியம்மாளிடம் இல்லை.